புலிவார் ரோட்டில் புலி கிடையாது

மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடுதாசி நேத்து மத்தியானம் கடைக்கு வந்துச்சு. பிரிச்சா, முதல் வரியிலேயே 'அப்பாஜான்'னு போட்டிருக்கே. தபால்காரர் ஆள் மாத்திக் குடுத்துட்டாரோன்னு உறையைத் திருப்பிப் பாத்தேன். என் பேருதான், மேலப்புலிவார் ரோடுதான், உன் கையெழுத்துதான். பேச்சு வந்த நாளிலேருந்து அத்தா அத்தான்னு கத்திக் கடையையே ரெண்டாக்கினவன் நீ. பம்பாய்க்குப் போனதும் நான் எப்படா அப்பாஜான் ஆனேன்? அந்த உருது வார்த்தையைப் பேசுற நல்ல மனுஷங்க நம்ம தெருவுலயே இருக்காங்க, அவங்க வீட்டுல அது அழகாத்தான் இருக்கு. நம்ம வீட்டுல அது இரவல் சட்டை மாதிரி தொளதொளன்னு தொங்குது. நீ 'அத்தா'ன்னு எழுதலை, அதனால நானும் உன் பேரைப் போட்டு ஆரம்பிக்கலை. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. நோன்பு வாயோட யாரையும் திட்டக்கூடாதுன்னு பள்ளிவாசல்ல அஜ்ரத்து சொல்லிக்கிட்டே இருக்கார். அதனால மத்தியான லுஹர் தொழுதுட்டு, கடையில ஆள் வராத நேரமாப் பாத்து, திட்டாம எழுத முயற்சி பண்றேன். எனக்கு எழுத்துத் தமிழ் வராது. நான் எதிர்ல உக்காந்து பேசுறதா நெனச்சுப் படி.

நீ எழுதினதை நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாத்துக்க. உங்க சர்க்கார் ஆபீஸ்ல இருக்கிற முஸ்லிம் குமாஸ்தாக்களையெல்லாம் இந்தியாவா பாகிஸ்தானான்னு கேக்குறாங்க. நீ இன்னும் கையெழுத்துப் போடலை, ஆனா மனசுக்குள்ள கராச்சின்னு போட்டாச்சு. வர்ற சனிக்கிழமைக்குள்ள நான் உன் பொஞ்சாதி மரியத்தைக் கூட்டிக்கிட்டு பம்பாய் வந்து சேரணும், அங்கேருந்து கப்பல். கடையை யாருக்காவது குடுத்துட்டு நானும் கூடவே வந்துடணும். 'புது நாட்டுக்குப் புதுப் பட்டாளம் வரும், யூனிபாரம் தைக்க ஆள் வேணும்'னு எனக்கு ஆசை வேற காட்டியிருக்கே. இத்தனையும் முதல் ரெண்டு பக்கத்துல. கடைசிப் பக்கத்தோட அடியில, எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்துல, நடந்ததை எழுதியிருக்கே. ஆபீஸ் விட்டு வரும்போது சந்துல சில பேர் மறிச்சாங்க. ஒருத்தன் கையில கத்தி. பேரைக் கேட்டான். நீ 'ரங்கராஜன்'னு சொன்னே. விட்டுட்டாங்க. 'என் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரலை. அதுக்கப்புறம் என் முகத்தை என்னாலயே பாக்க முடியலை. என் பேரைச் சொல்லிக்கிட்டு நடக்கிற ஊருக்குப் போறேன்'னு முடிச்சிருக்கே. அதைப் படிச்சதும் கத்தரிக்கோலைக் கீழ வெச்சுட்டேன். புள்ளை கழுத்துகிட்ட கத்தி வந்துட்டுப் போயிருக்கு, நான் இங்கே யாருக்கோ காலர் வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

மரியத்துகிட்ட முதல்ல கத்தி விஷயத்தைச் சொல்லலை. நிறைமாசத்தை நெருங்குற புள்ளை, எப்படிச் சொல்றது? பிரயாணத்தை மட்டும் சொன்னேன். உடனே டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டு சேலையெல்லாம் அடுக்கினா. சாயங்காலம் பாத்தா எல்லாத்தையும் எடுத்து மறுபடி கொடியில போட்டிருந்தா. இன்னிக்குக் காலையில மறுபடியும் பெட்டி திறந்து கிடந்துச்சு. 'என்னம்மா பண்றே?'ன்னா, 'அங்கே நல்ல வெத்தலை கிடைக்குமா மாமா?'ன்னு கேக்குறா. 'கிடைக்காம என்ன'ன்னு சொல்லி வெச்சேன். எனக்கு என்ன தெரியும்? பேப்பரைத் திறந்தா வடக்கே ரயிலை மறிக்கிறாங்க, தெருவைக் கொளுத்துறாங்கன்னு வருது. இந்த நிலையில இருக்கிறவளை ரயில்லயும் கப்பல்லயும் ஏத்தணும், இல்லேன்னா புருஷனையும் பொஞ்சாதியையும் ரெண்டு நாட்டுல வெச்ச பாவம் எனக்கு. நீ பாட்டுக்கு எழுதிட்டே.

சின்னப் புள்ளையா இருக்கும்போது நம்ம ரோட்டுல நடக்கவே நீ பயப்படுவே, ஞாபகம் இருக்கா? பேரு புலிவார் ரோடு, அதனால அங்கே புலி இருக்கணும்னு உனக்கு. எவனோ பள்ளிக்கூடத்துப் பய, புலியைப் பிடிச்சுத் தோலை வாரு வாரா உரிச்ச இடம்டான்னு கதை கட்டி விட்டுட்டான். நீ என் விரலைப் பிடிச்சுக்கிட்டு 'எங்கே அத்தா புலி, எங்கே அத்தா புலி'ன்னு சாக்கடையை எல்லாம் எட்டிப் பாப்பே. எனக்கே அப்போ தெரியாது. அப்புறம் கண்டோன்மெண்டுலேருந்து அளவு குடுக்க வந்த ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர், சிரியோ சிரின்னு சிரிச்சுட்டுச் சொன்னார். அந்தக் காலத்துக் கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூர்த்து அது மேல வெள்ளைக்காரன் ரோடு போட்டானாம், அதுக்கு அவன் ஊர்ப் பேரா 'புலவார்டு'ன்னு வெச்சானாம். அகலமான ரோடுன்னு அர்த்தமாம். நம்ம ஊரு அதை வாயில போட்டு மென்னு புலிவார்னு துப்பிடுச்சு. வீட்டுக்கு வந்து உன்கிட்ட, 'புலிவார் ரோட்டுல புலி கிடையாதுடா'ன்னு சொன்னேன். நீ நம்பலை. அப்புறமும் கொஞ்ச நாள் விரலை விடலை.

இந்த ஊர் எத்தனை பேரை இப்படி மென்னிருக்குன்னு நெனச்சுப் பாரு. உறையூர்ல சோழன் உக்காந்திருந்தான். பல்லவன் வந்து மலையைக் குடைஞ்சான். டெல்லியிலேருந்து பட்டாளம் வந்து சீரங்கத்தைச் சூறையாடிட்டுப் போச்சு. நாயக்கர் வந்து தெப்பக்குளமும் கோட்டையும் கட்டினார். நவாபு வந்து ஊருக்கே நத்தர்நகர்னு பேர் மாத்தினார். கும்பினிக்காரன் வந்து டிரிச்சினாப்பொலின்னான். கத்தி வெச்சிருக்கிறவன் முன்னாடி நின்னு, அவன் என்ன பேர் சொல்லச் சொன்னானோ அதை ஊரு சொல்லிடுச்சு. அவன் அந்தப் பக்கம் திரும்பினதும், 'எங்கே போறே?' 'திருச்சிராப்பள்ளிக்கு'ன்னு பழையபடி பேசிக்கிட்டுது. யாரும் இதுக்காக முகத்தை மூடிக்கிட்டு உக்காரலை. கண்ணாடி பாக்க முடியலைன்னு நீ எழுதினியே, அதுக்குத்தான் இதைச் சொல்றேன்.

நம்ம குடும்பத்துக் கதையே இருக்கே. இங்கிலீஷ்காரன் கோட்டைக்குள்ள, பிரெஞ்சுக்காரன் சீரங்கத்துல பாளையம் அடிச்சு உக்காந்துக்கிட்டு, நடுவுல காவேரி, குண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்த காலம். அப்போ நம்ம முன்னோர் ஒருத்தர், அவரும் தையக்காரர்தான், சிப்பாய்ச் சட்டை மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு ஆத்தங்கரையில மாட்டிக்கிட்டார். சட்டையில பட்டனே தைக்கலை, எந்தப் பக்கம் ஜெயிக்குதோ அந்தப் பக்கத்துப் பட்டனைத் தைக்கலாம்னு கெட்டிக்காரத்தனமா இருந்திருக்கார். இருட்டுக் கட்டுற நேரம், துப்பாக்கியோட சில பேர் வந்து 'யாருக்குடா சட்டை?'ன்னு அதட்டியிருக்காங்க. வந்தவன் யாரு ஆளுன்னு அடையாளம் தெரியலை. மனுஷன் மூட்டையை நீட்டி, 'உங்களுக்குத்தான்!'னு சொல்லியிருக்கார். மூட்டை போச்சு, உசுரு வந்துச்சு. அதுலேருந்து நம்ம வீட்டுல யாராவது மாட்டிக்கிட்டு முழிச்சா 'உங்களுக்குத்தான்னு சொல்லு, உங்களுக்குத்தான்னு சொல்லு'ன்னு கேலி பண்றது வழக்கம். உங்கம்மா உசுரோட இருந்தவரைக்கும் என்னை இதைச் சொல்லியே ஓட்டுவா. அதுக்கப்புறம் நமக்கு ராஜா மாறினா பட்டன் வேலைதான். நவாபு பட்டனை எடுத்துட்டுக் கும்பினிப் பட்டன், அதை எடுத்துட்டு ராணி தலை, அப்புறம் ராஜா கிரீடம். துணி என்னவோ அதே துணிதான்.

உப்பு எடுக்க ஊர் ஊரா நடந்து போனாங்களே, அந்த வருஷம் என் கை பண்ணின கூத்தை நீயே பாத்தவன். கம்பியில ஒரு பக்கம் ஹெட்கான்ஸ்டபிள் கோட்டு, ஒரு பக்கம் காங்கிரஸ் தொண்டர் ஒருத்தரோட கதர் சட்டை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து நின்னாங்க. கதர் சட்டையை எடுத்து உதறினேன், நெஞ்சுல வரிசையா மினுக்குது பித்தளைக் கிரீடம்! கை பழக்கம், எடுத்துத் தெச்சுட்டேன். தொண்டர் முகம் சிவந்து போச்சு, 'பாய், இது கேலியா?'ங்கிறார். கான்ஸ்டபிள், 'சர்க்கார் பட்டன் இந்தச் சட்டைக்கு எப்படிய்யா வந்துச்சு?'ங்கிறார். மேசைக்கு அடியிலேருந்து நீ, 'அத்தா, உங்களுக்குத்தான்னு சொல்லுங்க'ன்னு கத்தினே பாரு, ரெண்டு பேரும் என்ன ஏதுன்னு தெரியாமலே சிரிச்சுட்டாங்க. கான்ஸ்டபிளே கத்தரியை எடுத்துப் பட்டனை வெட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார். கதை இதோட முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும். அடுத்த வாரமே பெரிய கடைவீதியில அதே கான்ஸ்டபிள் அதே தொண்டரைத் தடியால அடிச்சு மண்டையை உடைச்சார். கிழிஞ்ச சட்டை தைக்கிறதுக்கு என்கிட்டதான் வந்துச்சு. ஊரு தங்கமான ஊருன்னு உன்னை ஏமாத்த நான் இதை எழுதலை.

ஏமாத்தினா இதை மறைச்சிருப்பேன், கேளு. இப்போ கடை நிறைய கொடிதான். சுதந்திரம் வருதுல்ல, மூணு வர்ணத் துணியும் மலையாக் குவிஞ்சு கிடக்கு. போலீஸ் கோட்டெல்லாம் 'கிரீடத்தை எடுத்துட்டு என்ன வைக்கிறதுன்னு உத்தரவு வரலை பாய், பொறுங்க'ன்னு தொங்குது. நேத்து, உன் கடுதாசி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மெயின்கார்டு கேட்டுப் பக்கம் ஜவுளி வெச்சிருக்கிறவர் கொடி வாங்க வந்தார். உன் கல்யாணத்துல முன்வரிசையில உக்காந்து பிரியாணி சாப்பிட்ட மனுஷன். தையலைத் தடவிப் பாத்து, 'பிரமாதம் பாய்'னுட்டு, கொடியை மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டே, 'அப்புறம், நீங்க எப்போ கிளம்புறீங்க?'ன்னு கேட்டார். வெறுப்போ கோபமோ இல்லை. சம்பந்தி வீட்டுக்கு எப்போ கிளம்புறீங்கன்னு கேக்குற மாதிரி கேட்டார். நான் அவர் கையில இருக்கிற கொடியையே பாத்துக்கிட்டு நின்னேன். 'எங்கே?'ன்னு கேட்டேன். 'இல்ல... எல்லாரும் போறாங்களாமே'ன்னு இழுத்துட்டுப் போயிட்டார். கத்தியை விட அது ஆழமாப் போச்சுடா. அதுக்கு மேல உன் கடுதாசி. புலி கிடையாதுன்னு அன்னிக்குச் சொன்னேனே, பம்பாய்ச் சந்துல உன் முன்னாடி நின்னது புலிதான். நீ பயந்தது நிஜம். அதை நான் கேலி பண்ண மாட்டேன்.

இன்னிக்குக் காலையில மனசு தாங்காம வக்கீல் ஐயங்காரோட கறுப்புக் கோட்டை எடுத்துக்கிட்டு சீரங்கத்துக்கு ஜட்கா ஏறினேன். ஆடித் தண்ணி காவேரி கொள்ளாம போகுது, பாலத்து மேல போகும்போது குதிரையே மிரண்டு நின்னு நின்னு போச்சு. ஐயங்கார் உள்ளே கூப்பிட்டு, 'வாரும் ராவுத்தரே, காப்பி சாப்பிடறீரா?'ன்னார். உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டு, 'அடடா, நோன்பில்லையோ!'ன்னார். எனக்குப் பொறுமை இல்லை. நின்ன நிலையிலேயே ஜவுளிக்காரர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். மனுஷர் பொங்கிட்டார். 'என்ன அக்கிரமம் ஓய்! எங்க பெருமாளுக்கே ஒரு துலுக்க நாச்சியார் உண்டு. அவளுக்காகக் கைலி கட்டிண்டு ரொட்டி அமுது செய்யறார். அவளை எந்த ஊருக்கு அனுப்பறதாம்?'னார். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நோன்பு வெயில்ல என் நாக்கும் சும்மா இருக்கலை. 'நாச்சியாருக்கு உள்ளே இடம் இருக்கு சாமி, எனக்குக் கோபுர வாசல் வரைக்கும்தானே'ன்னுட்டேன். அவர் கோட்டை வாங்கி மடியில விரிச்சு மடிச்சு வெச்சார்.

அப்போதான் உன் கதையைச் சொன்னேன். சந்து, கத்தி, கேட்ட கேள்வி. 'என்ன பேர் சொன்னான் தெரியுமா சாமி? ரங்கராஜன்'னேன். அவர் பேருதானேடா அது! நம்ம கடையில கோட்டு உள்பக்கம் பேர் எழுதித் தைக்கிற துண்டுத் துணி இருக்கே, உன் எழுத்து மணிமணியா இருக்குன்னு உன்னைத்தான் எழுத வைப்பேன். வருஷா வருஷம் ரங்கராஜன், ரங்கராஜன்னு எழுதியெழுதி உன் கைக்குள்ள ஊறிப்போன பேரு, கத்தியைக் கண்டதும் வாய்க்கு வந்துடுச்சு. கராச்சிக்குப் போறேன்கிறவன் வாயில, உசுரு போற நேரத்துல, சீரங்கத்துப் பேரு! ஐயங்கார் எழுந்து ஜன்னல் பக்கம் போயிட்டார். திரும்பும்போது கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. 'வாசல் விஷயத்துக்கு எங்கிட்ட பதில் இல்லை. அந்தப் பேரு அவனுக்கு உதவித்துன்னா வெச்சுக்கட்டும். தேஞ்சா போயிடும்? பேஷா வெச்சுக்கச் சொல்லும்'னார். வாசல் வரைக்கும் வந்து என்னை ஜட்கா ஏத்திவிட்டார். எனக்குச் சமாதானம் ஆச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா வரும்போது மூச்சு விட முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்து மரியத்துகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கத்தியையும்தான். மறைக்கிறதுக்கு அவ ஒண்ணும் பச்சைப் புள்ளை இல்லை, அவ வாழ்க்கைதானே இது. அழுவான்னு பாத்தேன். அழலை. வயித்து மேல கையை வெச்சுக்கிட்டுக் கேட்டா. கேட்டு முடிச்சுட்டு டிரங்குப் பெட்டிகிட்ட போயி ஒவ்வொரு சேலையா எடுத்து வெளியில வெச்சா. 'அவங்க வந்து கூப்பிடட்டும் மாமா. நேர்ல வந்து நின்னு கூப்பிட்டாங்கன்னா கராச்சி என்ன, அதுக்கு அந்தப் பக்கமும் போறேன். கடுதாசி கூப்பிட்டா நான் போக மாட்டேன்'னா. பெட்டியை மூடிப் பரண்ல ஏத்தச் சொன்னா. எனக்கு அவளைக் கட்டிப்பிடிச்சு அழணும் போல இருந்துச்சு, மாமனாராப் போயிட்டேன், முற்றத்துல போயி முகத்தைக் கழுவிக்கிட்டு வந்தேன்.

அதனால கேட்டுக்க. சனிக்கிழமை நான் மரியத்தைக் கூட்டிக்கிட்டு வரலை. கடையையும் விக்கலை. உங்கம்மா அடங்கியிருக்கிற மண்ணை விட்டுட்டு, எந்த ராஜா பட்டனுக்காகவும் நான் வரமாட்டேன். நீ வா. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி லீவு போட்டுட்டு வா, லீவு தரலைன்னா வேலையை விட்டுட்டு வா. வந்து மரியம் முன்னாடி நின்னு கேளு. ரெண்டு பேருமா யோசிச்சுப் போறதுன்னு முடிவானா, புள்ளை பொறந்து கை கால் தேறினதும் போங்க. நானே பெட்டியைத் தலையில வெச்சு ஜங்ஷன் வரைக்கும் வந்து ஏத்திவிடுறேன், ஒரு வார்த்தை குறுக்கே பேசினா என்னை ஏன்னு கேளு. போனாலும் சரி, இருந்தாலும் சரி, இன்னொரு தரம் அப்பாஜான்னு எழுதினே, உறையைப் பிரிக்காமத் திருப்பி அனுப்பிடுவேன். எனக்கு அத்தா வேணும். கூப்பிட நீ ஒருத்தன்தான்டா இருக்கே.

சாயங்கால அஸருக்குப் பாங்கு சொல்லப் போறாங்க, தபால் எடுக்கிற நேரமும் ஆச்சு. வழியில ஜாக்கிரதை. ரயில்ல எவனாவது பேரைக் கேட்டா யோசிக்காதே, ரங்கராஜன்னே சொல்லு. குடுத்தவர் மனசாரக் குடுத்திருக்கார், வெக்கமே வேண்டாம். திருச்சி ஜங்ஷன் வந்ததும் அந்தப் பேரை வண்டியிலேயே விட்டுட்டு இறங்கு. வெளியில ஜட்காக்காரங்க நிப்பாங்க, 'யாரு வீட்டுக்குத் தம்பி?'ன்னு கேப்பாங்க. அப்போ வாயைத் திறந்து, ஸ்டேஷன் பூராக் கேக்கிற மாதிரி சத்தமாச் சொல்லு: 'காதர் மைதீன். புலிவார் ரோட்டு டெய்லர் மகன்.'

வாசல்லயே நிக்கிற
உன் அத்தா